பழைய அமெரிக்க மாநிலச் சட்டமன்றங்களில் ஒருவர் உறுப்பினராக இருந்தாரா என்று உறுதிசெய்வது எப்படி?

அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்களும், விக்கிப்பீடியாவில் வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரைகளைத் தொகுக்கிறவர்களும், ஆய்வேட்டுக்காகப் பழைய நூல்களைப் புரட்டுகிற மாணவர்களும் "இவர் வர்ஜீனியா சட்டமன்ற உறுப்பினராக இருந்தார்" என்பது போன்ற வரியைப் பலமுறை கடந்து வந்திருப்பார்கள். அந்த வரியை அப்படியே எடுத்தாண்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவது எளிது. ஆனால் 1776க்கும் 1830க்கும் இடைப்பட்ட காலத்தைப் பொறுத்தவரை அது முழுமையான செய்தி ஆகாது. அவைகளின் பெயரும் அமைப்பும் தேர்தல் நடந்த மாதமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டன. பெரும்பாலான மாநிலங்களில் கீழவைக்கு ஆண்டுதோறும் தேர்தல் நடந்ததால் உறுப்பினர்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள். வெற்றி பெற்றும் அவைக்கு வராதவர்களும் உண்டு. ஆகவே ஒருவருடைய உறுப்புரிமையை உறுதிசெய்ய விரும்புகிறவர் நான்கு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: அவர் எந்த அவையில் இருந்தார், எந்த இடத்தின் சார்பில் இருந்தார், எந்தக் கூட்டத்தொடரில் இருந்தார், அங்கே உண்மையிலேயே வந்து அமர்ந்தாரா. பெரும்பாலோர் கேட்காமல் விட்டுவிடுவது இந்த நான்காவது கேள்வியைத்தான். அதற்கு நம்பத்தக்க விடை தருவது அந்த அவையின் குறிப்பேடு.

அவை எது என்று முதலில் முடிவுசெய்யுங்கள்

அந்தக் குறிப்பிட்ட ஆண்டில், அந்த மாநிலத்தில், எந்த அரசியலமைப்பு நடைமுறையில் இருந்தது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் பெயரைத் தேடத் தொடங்க வேண்டும். 1776 ஜூன் 29 அன்று ஏற்கப்பட்ட வர்ஜீனியா அரசியலமைப்பின்படி, அந்த மாநிலத்தின் பொதுப் பேரவையில் டெலிகேட்கள் (பேராளர்கள்) அவை என்ற கீழவை, செனட் என்ற மேலவை என இரண்டு அவைகள் இருந்தன. பென்சில்வேனியாவில் 1776 முதல் 1790 வரை ஒரே அவைதான். ஜார்ஜியாவில் 1777 முதல் 1789 வரையிலும், வெர்மான்ட்டில் 1836 வரையிலும் இதே நிலைதான். ஆகவே "1782இல் பென்சில்வேனியா மாநில செனட் உறுப்பினர்" என்று ஒரு குடும்ப வரலாறு சொன்னால், வேறு எதையும் பார்க்காமலேயே அது தவறு என்று ஒதுக்கிவிடலாம். வட கரொலைனாவில் கீழவையின் பெயர் 1868 வரை காமன்ஸ் அவை என்பதால், அந்தப் பெயரைக் கண்டதும் லண்டன் நாடாளுமன்றம் என்று எண்ணிவிடக் கூடாது. கனெடிகட்டும் ரோட் தீவும் புரட்சிக்குப் பிறகும் தங்கள் பழைய அரச சாசனத்தையே வைத்துக்கொண்டு ஆட்சி நடத்தின. கனெடிகட் 1818இல்தான் புதிய அரசியலமைப்பை எழுதியது. ரோட் தீவு 1840களின் தொடக்கம் வரை காத்திருந்தது.

சட்டமன்றத்தைப் போலவே தோற்றமளிக்கும் வேறு அமைப்புகளை விலக்குவது இதைவிடக் கடினம். 1774 முதல் 1776 வரை வர்ஜீனியாவில் கூடிய புரட்சிகர மாநாடுகளும், 1788 ஜூனில் கூட்டாட்சி அரசியலமைப்பை ஏற்பதற்காக ரிச்மண்டில் கூடிய மாநாடும் சட்டமன்றங்கள் அல்ல. அவற்றில் இருந்தவர்களில் பலர் சட்டமன்றத்திலும் இருந்தார்கள் என்பதால்தான் குழப்பம் நேர்கிறது. ஆளுநருக்கு ஆலோசனை கூறிய மாநிலக் கவுன்சிலும் வேறு. டெலிகேட் என்ற பட்டத்தை மாநிலக் கீழவை உறுப்பினருக்கும் மாநிலங்கள் அனைத்துக்கும் பொதுவாகப் புரட்சிக் காலத்தில் கூடிய கண்டக் காங்கிரசுக்கு அனுப்பப்பட்டவருக்கும் ஒன்றுபோலவே வழங்கினார்கள். மேரிலாந்தில் மாநில செனட்டை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை; நம் மாவட்டத்தைப் போன்ற உட்பிரிவான கவுண்டி ஒவ்வொன்றும் அனுப்பிய தேர்வாளர்கள் கூடி 15 பேரை ஐந்தாண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஒருவர் அந்தத் தேர்வாளர்களில் ஒருவராக இருந்தார் என்ற செய்தி, பின்னாளில் எழுதப்பட்ட குறிப்புகளில் "செனட்டர்" என்று உருமாறியிருக்க வாய்ப்பு உண்டு. 1913 வரை ஒன்றிய செனட்டர்களை மாநிலச் சட்டமன்றங்களே தேர்ந்தெடுத்தன என்பதையும் மறக்கக் கூடாது. "சட்டமன்றத்தால் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்ற வரி, அவர் மாநிலச் சட்டமன்றத்தில் இருந்தார் என்று பொருள்படாது.

இடத்தை அன்றைய வரைபடத்தில் தேடுங்கள்

வர்ஜீனியாவில் கவுண்டி பெரிதானாலும் சிறிதானாலும் ஆண்டுக்கு இரண்டு டெலிகேட்கள். வில்லியம்ஸ்பர்க், நார்ஃபோக் நகரங்களுக்குத் தலா ஒருவர். மாசசூசெட்ஸில் ஊர்கள் கீழவைக்கு ஆளனுப்பின. 1780 அரசியலமைப்பின்படி வரிக்குரிய ஆண்கள் 150 பேர் உள்ள ஊருக்கு ஒரு பிரதிநிதி, அதற்குமேல் ஒவ்வொரு 225 பேருக்கும் இன்னொருவர். தென் கரொலைனாவின் கடலோரப் பகுதியில் தேவாலயப் பங்குகளே (பாரிஷ் எனும் வட்டாரங்களே) தொகுதிகளாக இருந்தன. 1778 அரசியலமைப்பு சார்ல்ஸ்டன் நகரின் செயின்ட் பிலிப், செயின்ட் மைக்கேல் பங்குகளுக்கு மட்டும் 30 இடங்களை ஒதுக்கியது. இந்த எண்ணிக்கைகளைத் தெரிந்துவைத்துக்கொள்வதில் நேரடியான பயன் இருக்கிறது. ஒரு வர்ஜீனியா கவுண்டிக்கு ஒரே கூட்டத்தொடரில் மூன்று பெயர்கள் கிடைத்தால், யாரோ ஒருவர் இறந்திருக்க வேண்டும், பதவி விலகியிருக்க வேண்டும், அல்லது தேர்தல் செல்லாது என்று அவை தீர்ப்பளித்திருக்க வேண்டும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை தேடலை முடித்துக்கொள்ளக் கூடாது.

எல்லைகள் மாறியதால் வரும் சிக்கலுக்கு டேனியல் பூனைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. கென்டக்கிக் காடுகளில் வழிகண்ட வேட்டைக்காரராக உலகம் அறிந்த இவர் மூன்று முறை சட்டமன்ற உறுப்பினராக இருந்தார்: 1781இல் ஃபயெட் கவுண்டிக்கு, 1787இல் பூர்பன் கவுண்டிக்கு, 1791இல் கனாவா கவுண்டிக்கு. முதல் இரண்டு கவுண்டிகளும் இன்று கென்டக்கியில் இருக்கின்றன. மூன்றாவது மேற்கு வர்ஜீனியாவில் இருக்கிறது. ஆனால் கென்டக்கி தனி மாநிலமானது 1792 ஜூன் 1 அன்று. மேற்கு வர்ஜீனியா உருவானது 1863இல். பூன் மூன்று முறையும் அமர்ந்தது வர்ஜீனியாவின் டெலிகேட்கள் அவையில்தான். கென்டக்கிச் சட்டமன்றப் பட்டியலில் அவர் பெயரைத் தேடி, காணவில்லை என்றதும் "ஆதாரம் இல்லை" என்று முடிவு கட்டுகிறவர், இடத்தைச் சரியாகத் தேடிவிட்டுக் காலத்தைத் தவறவிட்டவர் ஆகிறார். இதே எச்சரிக்கை மேய்ன் பகுதிக்கும் பொருந்தும். 1820 வரை அது மாசசூசெட்ஸின் ஒரு மாவட்டம் என்பதால், அதன் ஊர்கள் பாஸ்டனுக்கே ஆளனுப்பின.

ஒரே பெயர் வெவ்வேறு கவுண்டிகளின் சார்பில் வருவதைப் பார்த்ததும் இவர்கள் இரண்டு வெவ்வேறு மனிதர்கள் என்று அவசரப்பட்டுப் பிரித்துவிடவும் கூடாது. பூன் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தவர். பின்னாளில் தலைமை நீதிபதியான ஜான் மார்ஷல், 1780களில் முதலில் ஃபாக்கியர் கவுண்டிக்கும் பிறகு ஹென்ரிக்கோ கவுண்டிக்கும் உறுப்பினராக இருந்தார்.

ஆண்டை நம்பாதீர்கள், கூட்டத்தொடரைப் பாருங்கள்

வாழ்க்கைக் குறிப்புகள் "1784–1786" என்று எழுதும். அது எத்தனை கூட்டத்தொடர்களைக் குறிக்கிறது என்று நாம்தான் கணக்கிட வேண்டும். கனெடிகட்டில் 1818 வரை கீழவைக்கு ஆண்டுக்கு இரண்டு தேர்தல்கள், மே மாதக் கூட்டத்துக்கு ஒன்று, அக்டோபர் கூட்டத்துக்கு ஒன்று. அங்கே "பன்னிரண்டு முறை தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்றால் ஆறு ஆண்டுகளிலேயே அது முடிந்திருக்கலாம். மாசசூசெட்ஸில் 1831இல் செய்யப்பட்ட திருத்தம் வரை அரசியல் ஆண்டு மே மாதத்தின் கடைசிப் புதன்கிழமையில் தொடங்கியது. அதனால் 1805 பிப்ரவரியில் அவையில் பேசியவர் 1804ஆம் ஆண்டின் உறுப்பினர்.

வர்ஜீனியாவில் இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதை மதச் சுதந்திரச் சட்டத்தை வைத்துப் பார்க்கலாம். ஜெஃபர்சன் எழுதி, ஜேம்ஸ் மேடிசன் அவையில் நடத்திச் சென்ற அந்தச் சட்டம் 1786 ஜனவரி 16 அன்று நிறைவேறியது. ஆனால் அது நிறைவேறிய கூட்டத்தொடர் 1785 அக்டோபரில் தொடங்கியது. அதில் அமர்ந்திருந்தவர்கள் 1785 வசந்தகாலத் தேர்தலில் வென்றவர்கள். ஆகவே, "1786இல் சட்டமன்ற உறுப்பினர்" என்று மட்டும் குறிக்கப்பட்ட ஒருவரை, அந்தச் சட்டத்துக்கு வாக்களித்தவராக எழுதிவிடுவது பெரும் பிழையாக முடியக்கூடும். அவர் 1786 ஏப்ரல் தேர்தலில் முதன்முறையாக வென்றவராக இருந்தால், அந்த நாளில் அவர் அவையிலேயே இல்லை. சட்டத் தொகுப்புகள் "1785 அக்டோபரில் தொடங்கிய கூட்டத்தொடர்" என்ற தலைப்பின் கீழ் 1786 ஜனவரிச் சட்டங்களைத் தருவதற்குக் காரணமும் இதுவே. குறிப்பெடுக்கும்போது ஆண்டை மட்டும் எழுதாமல், கூட்டத்தொடர் தொடங்கிய மாதத்தையும் முடிந்த மாதத்தையும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.

அவைக் குறிப்பேட்டைத் திறந்து படியுங்கள்

பட்டியல்கள் எல்லாம் பின்னாளில் தொகுக்கப்பட்டவை. குறிப்பேடு மட்டும் அவை கூடிய நாளிலேயே எழுத்தர் எழுதியது. வர்ஜீனியா டெலிகேட்கள் அவையின் முதல் பதினைந்து ஆண்டுக் குறிப்பேடுகள் 1827, 1828 ஆண்டுகளில் ரிச்மண்டில் மறுபதிப்பாக வந்தன. அந்த மறுபதிப்பின் மின்படிகள் இணைய நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிற மாநிலங்களுக்கு, 1940களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் வட கரொலைனாப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து எடுத்த நுண்படச் சுருள்கள் இன்றும் பெரிய துணை. அவற்றைப் பெரிய பல்கலைக்கழக நூலகங்களில் பார்க்கலாம்.

குறிப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. முதலில் தொடக்க நாள்களைப் பாருங்கள். யார் எந்த நாளில் வந்து உறுதிமொழி எடுத்தார் என்பது அங்கே இருக்கக்கூடும். அடுத்து நிலைக்குழுக்களின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். அதன்பின், ஆம் என்றும் இல்லை என்றும் பெயர் சொல்லிப் பதிவான வாக்கெடுப்புகளைத் தேடுங்கள். ஒருவர் குறிப்பிட்ட நாளில் அவையில் இருந்தார் என்பதற்கு இவற்றைவிட உறுதியான சான்று இல்லை. பென்சில்வேனியாவின் 1776 அரசியலமைப்பு, நடவடிக்கைகளை வாரந்தோறும் அச்சிட வேண்டும் என்றும், இரண்டு உறுப்பினர்கள் கேட்டாலே வாக்குகளைப் பெயரோடு பதிவுசெய்ய வேண்டும் என்றும் விதித்திருந்ததால், அந்த மாநிலத்தின் பதிவுகள் இந்த வகையில் வளமானவை. கடைசியாக, விடுப்பு அளித்த உத்தரவுகளையும், வராத உறுப்பினர்களைப் பிடித்துவர அவைக் காவலருக்கு இட்ட ஆணைகளையும் பாருங்கள். வராதவர்களின் பெயர்கள்கூட உறுப்புரிமைக்குச் சான்றுதான்.

வராதவர்களைப் பிடித்துவருவதற்கு எடுத்துக்காட்டாக 1787 செப்டம்பரில் பிலடெல்பியாவில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளலாம். புதிய கூட்டாட்சி அரசியலமைப்பை ஏற்பது பற்றி முடிவெடுக்க மாநில மாநாட்டைக் கூட்ட வேண்டும் என்ற தீர்மானத்தை ஜார்ஜ் கிளைமர் செப்டம்பர் 28 காலையில் கொண்டுவந்தார். பென்சில்வேனியா அவையில் மூன்றில் இரண்டு பங்கினர் இருந்தால்தான் அலுவல் நடத்த முடியும். 69 உறுப்பினர்களுக்கு 46 பேர் வேண்டும். தீர்மானத்தை எதிர்த்தவர்கள் பிற்பகல் கூட்டத்துக்கு வராமல் இருந்துவிட, அவையில் 44 பேரே எஞ்சினார்கள். மறுநாள் காலையில் ஒரு மக்கள் கும்பல், எதிர்த்தவர்களில் இருவரான ஜேம்ஸ் மெக்கால்மான்ட்டையும் ஜேக்கப் மைலியையும் அவர்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து இழுத்துவந்து அவைக்குள் விட்டது. எண்ணிக்கை 46 ஆனது. வராமைக்கான அபராதமான ஐந்து ஷில்லிங்கைக் கட்டிவிட்டு வெளியேறிவிடுகிறேன் என்று மெக்கால்மான்ட் கேட்டும் அவை அவரை விடவில்லை, தீர்மானம் நிறைவேறியது. ஃபிராங்க்ளின் கவுண்டியின் மெக்கால்மான்ட்டும் டாஃபின் கவுண்டியின் மைலியும் அந்தக் கூட்டத்தொடரின் உறுப்பினர்கள் என்பதில் இனி யாருக்கும் ஐயம் எழ முடியாது. அதே வேளையில், "அன்று அவையில் இருந்தார்" என்ற பதிவை வைத்துக்கொண்டு "தீர்மானத்தை ஆதரித்தார்" என்று எழுதிவிடக் கூடாது என்பதையும் இந்த நிகழ்ச்சி கற்பிக்கிறது.

மின்படிகளில் தேடும்போது ஒரு தொழில்நுட்பச் சிக்கலை எதிர்பார்த்திருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு அச்சில், சொல்லின் நடுவில் வரும் ஆங்கில எஸ் எழுத்து எஃப் போலவே தோன்றும். எழுத்துணரி மென்பொருளும் அதை எஃப் என்றே படித்துவிடும். ஜெஃபர்சன், ஹாரிசன் போன்ற பெயர்களை வழக்கமான எழுத்துக்கூட்டலில் தேடினால் பாதிப் பக்கங்கள் அகப்படாமல் போகும். இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள். எழுத்துக்கூட்டலும் அன்று நிலைபெறவில்லை. பூன் (Boone) என்ற பெயரை ஆங்கிலத்தில் இறுதி எழுத்து இல்லாமலும் எழுதினார்கள்.

ஒரே பெயர் கொண்டவர்களைப் பிரித்தறியுங்கள்

குறிப்பேடுகளில் பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும். வர்ஜீனியாவின் சார்ல்ஸ் சிட்டி கவுண்டியில் ஜான் டைலர் என்ற பெயரில் தந்தையும் மகனும் உறுப்பினர்களாக இருந்தார்கள். தந்தை 1780களின் தொடக்கத்தில் சபாநாயகர், பின்னர் ஆளுநர். மகன் 1811இல் தம் 21ஆம் வயதில் கீழவைக்கு வந்து, 1841இல் நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனவர். காலம் இவ்வளவு தள்ளியிருந்தால் பிரிப்பது எளிது. தந்தை, மகன், சிற்றப்பன் மகன் ஆகியோர் ஒரே பத்தாண்டுக்குள் இருந்தால், கவுண்டி வரிப் பட்டியல், உயில், நிலப் பத்திரம் ஆகியவற்றின் துணை வேண்டும். மூத்தவர், இளையவர் என்ற அடைமொழிகளை அன்று தந்தை–மகன் உறவுக்கு மட்டுமல்லாமல், ஒரே ஊரில் ஒரே பெயரோடு வாழ்ந்த உறவல்லாத இருவரைப் பிரித்துச் சொல்லவும் பயன்படுத்தினார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

வென்றவர், அமர்ந்தவர்

தேர்தல் முடிவுகளுக்கு மிக நல்ல தரவுத்தளம் "எ நியூ நேஷன் வோட்ஸ்". ஃபிலிப் லாம்பி பல பத்தாண்டுகளாகப் பழைய நாளிதழ்களிலிருந்தும் ஆவணங்களிலிருந்தும் கையால் எழுதிச் சேர்த்த வாக்கு எண்ணிக்கைகளை, அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டியும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து இணையத்தில் ஏற்றியிருக்கின்றன. 1787 முதல் 1825 வரையிலான தேர்தல்கள் அதில் உள்ளன. ஒரு தனிமனிதரின் விடாமுயற்சியால் இப்படியொரு கருவூலம் நமக்குக் கிடைத்திருப்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். எனினும் அது சொல்வது யாருக்கு எத்தனை வாக்குகள் என்பதை மட்டுமே. வென்றவர் அவைக்கு வந்தாரா என்பது வேறு கேள்வி. சற்றுப் பிந்தைய காலத்தின் புகழ்பெற்ற சான்று ஆபிரகாம் லிங்கன். 1834 முதல் நான்கு முறை தொடர்ந்து இல்லினாய் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுப் பணியாற்றிய அவர், 1854 நவம்பரில் மீண்டும் வென்றும் ஒன்றிய செனட்டுக்குப் போட்டியிடுவதற்காக அந்த இடத்தை ஏற்காமல் விட்டார். தேர்தல் முடிவை மட்டும் பார்க்கிறவர் அவருக்கு ஐந்தாவது பதவிக்காலம் ஒன்றைச் சேர்த்துவிடுவார்.

தோற்றவர் தொடுத்த முறையீடுகளையும் பாருங்கள். 1777இல் மேடிசன் ஆரஞ்சு கவுண்டியில் தோற்றார். வாக்காளர்களுக்கு மது வழங்கும் வழக்கத்துக்கு அவர் இணங்கவில்லை. வென்ற சார்ல்ஸ் போர்ட்டர் மீது லஞ்சக் குற்றம் சாட்டி அளிக்கப்பட்ட முறையீட்டை அவை தள்ளுபடி செய்துவிட்டது. இத்தகைய முறையீடுகளில் தொகுதி, வேட்பாளர்கள், முடிவு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்துவிடும்.

தகுதி விதிகளை அளவோடு பயன்படுத்துங்கள்

வர்ஜீனியாவில் எந்தச் சமயப் பிரிவின் போதகரும் அவையில் அமரக் கூடாது. மாசசூசெட்ஸில் செனட் உறுப்பினருக்கு 300 பவுண்டு மதிப்புள்ள சொந்த நிலமோ 600 பவுண்டு மதிப்புள்ள பிற சொத்தோ வேண்டும். இத்தகைய விதிகள் ஐயத்தை எழுப்ப உதவுமே தவிர, முடிவு சொல்ல உதவாது. வட கரொலைனாவின் அரசியலமைப்பு புராட்டஸ்டன்ட் சமயத்தின் உண்மையை மறுப்பவர் பொதுப்பதவி வகிக்கத் தடை விதித்திருந்தது. ஆயினும் கார்ட்டரெட் கவுண்டியின் ஜேக்கப் ஹென்றி என்ற யூதர் 1808இல் காமன்ஸ் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1809இல் மீண்டும் வென்றபோது அவருடைய இடத்தைப் பறிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. அவர் சமயச் சுதந்திரத்தைக் காத்து அவையில் ஆற்றிய உரைக்குப் பிறகு இடம் அவருக்கே நிலைத்தது. சட்டம் தடுத்தது என்பதற்காக ஒருவரை இல்லாதவராக ஆக்கிவிடும் ஆய்வாளர், இப்படிப்பட்ட மனிதர்களை வரலாற்றிலிருந்தே அழித்துவிடுகிறார்.

பின்னாள் தொகுப்புகளை எந்த வரிசையில் நம்புவது

குறிப்பேட்டுக்கு அடுத்தபடியாக, மாநில அமைப்புகளே தொகுத்த பட்டியல்களை நம்பலாம். வர்ஜீனியா டெலிகேட்கள் அவை 1619 முதலான உறுப்பினர்களின் தரவுத்தளத்தை இணையத்தில் வைத்திருக்கிறது. பென்சில்வேனியா அவையின் ஆவணக் காப்பகமும் பழைய உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை வெளியிடுகிறது. அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் "ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்" தளத்தில் வாஷிங்டன், ஜெஃபர்சன், மேடிசன் முதலியோரின் கடிதங்களுக்குப் பதிப்பாசிரியர்கள் எழுதிய அடிக்குறிப்புகள், கடிதத்தில் குடும்பப் பெயரால் மட்டும் சுட்டப்படும் ஆளை அடையாளம் காண மிகவும் உதவும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த கவுண்டி வரலாற்று நூல்களைக் கடைசியில் வையுங்கள். முன்பணம் கட்டியவர்களின் குடும்பப் பெருமைகளை அவர்கள் சொன்னபடியே அச்சிட்ட நூல்கள் அவற்றில் ஏராளம். புரட்சிக்கால முன்னோரை வைத்து உறுப்பினர்களைச் சேர்க்கும் மரபுரிமைச் சங்கங்களுக்கு அளித்த பழைய விண்ணப்பங்களையும் இதே எச்சரிக்கையோடு அணுக வேண்டும். சட்டமன்றப் பணி அங்கே தகுதியாக ஏற்கப்பட்டதால், அதை நிறுவ வேண்டும் என்ற ஆவல் விண்ணப்பித்தவர்களுக்கு இயல்பாகவே இருந்தது.

கண்டதை எழுதும்போது

நான்கு கேள்விகளுக்கும் கிடைத்த விடைகளை ஒரே வாக்கியத்தில் வைத்துவிடுங்கள்: "டேனியல் பூன், 1791 அக்டோபரில் தொடங்கிய கூட்டத்தொடரில், கனாவா கவுண்டியின் சார்பில் வர்ஜீனியா டெலிகேட்கள் அவையின் உறுப்பினர்." கவுண்டி இன்று எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லுங்கள். தேர்தல் முடிவு மட்டும் கிடைத்து, அவையில் அமர்ந்ததற்குச் சான்று கிடைக்காதபோது "தேர்ந்தெடுக்கப்பட்டார்" என்று எழுதுங்கள். "பணியாற்றினார்" என்று எழுதாதீர்கள். குடும்பப் பெயர் மட்டுமே கிடைத்து, அதே பெயரில் இருவர் வாழ்ந்திருந்தால், இருவரையும் குறிப்பிட்டு, நீங்கள் ஒருவரைத் தேர்ந்ததற்கான காரணத்தையும் எழுதுங்கள். பட்டியலும் குறிப்பேடும் முரண்பட்டால் குறிப்பேட்டைப் பின்பற்றி, பட்டியல் சொல்வதை அடிக்குறிப்பில் தாருங்கள். பின்னால் வருகிறவர் கையெழுத்துப் பிரதியையே பார்க்க நேர்ந்தால், எந்தப் பக்கத்தில் தொடங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.